ஹூப்பிங் கொக்குகளுக்கு வழிகாட்டியவர்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சிறு விமானத்தின் பின்னால் ஹூப்பிங் கொக்குகளைப் பறக்கவைத்து வலசைப் பாதை கற்றுக்கொடுத்த ஆபரேஷன் மைக்ரேஷன் அமைப்பைப் பற்றி இங்கே அவ்வப்போது பேச்சு வருகிறது. ஆனால் அதில் உழைத்தவர்களை நேரில் பார்த்த அனுபவத்தை யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. நான் ஆரம்பிக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஹூப்பிங் கொக்குதான் வட அமெரிக்காவிலேயே உயரமான பறவை. நின்றால் ஐந்தடி, இறக்கையை விரித்தால் ஏழடிக்கு மேல். வேட்டையாடியும் சதுப்பு நிலங்களை வயலாக்கியும் 1941 வாக்கில் மொத்தமே இருபத்துச் சொச்சம் பறவைகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் வலசை போகிற கூட்டம் ஒன்றே ஒன்று. கனடாவின் உட் பஃபலோவில் குஞ்சு பொரித்து, டெக்சஸ் கடற்கரையில் அரான்சாசில் பனிக்காலத்தைக் கழிக்கிற கூட்டம் அது. ஒரு பெரும்புயலோ எண்ணெய்க் கசிவோ வந்தால் இனமே போய்விடும் என்பதால், கிழக்கே இன்னொரு கூட்டத்தை உருவாக்க வேண்டும் என்று முடிவானது. ஆனால் கொக்குக் குஞ்சு வலசைப் பாதையைத் தாய் தகப்பன் கூடவே பறந்துதான் கற்றுக்கொள்ளும், கிழக்கே கற்றுக்கொடுக்க ஒரு பறவைகூட இல்லை. அந்த இடத்தில்தான் கனடாக்காரர்கள் இருவர் உள்ளே வருகிறார்கள். பில் லிஷ்மன் ஒரு சிற்பி, ஜோ டஃப் ஒரு புகைப்படக் கலைஞர். 1993-ல் அல்ட்ராலைட் என்ற மிகச் சிறிய, எடை குறைந்த விமானத்தின் பின்னால் பதினெட்டுக் கனடா வாத்துகளை ஒன்டாரியோவிலிருந்து வர்ஜீனியா வரை பறக்க வைத்துக் காட்டியவர்கள். அப்புறம் 2001 அக்டோபரில் விஸ்கான்சினின் நெசீடாவிலிருந்து ஃபுளோரிடாவின் சாசஹோவிட்ஸ்கா வரை, சுமார் 1,200 மைல், ஹூப்பிங் கொக்குகளோடு முதல் பயணம். ஏழு பறவைகள் போய்ச் சேர்ந்தன. பனிக்காலத்தில் இரண்டைக் காட்டுப்பூனை பிடித்துவிட்டது, மீதி ஐந்தும் அடுத்த வசந்தத்தில் யார் துணையும் இல்லாமல் விஸ்கான்சின் திரும்பின. போகிற வழியை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் அப்போது இலினாயில் ஷாம்பெய்ன் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தங்கிப் போகிற இடங்களில் ஒன்று அந்த வட்டாரத்தில் ஒரு பண்ணை. இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது பண்ணைக்காரர்களோடு அவர்கள் வைத்திருந்த ஒப்பந்தம், அதனால் இப்போதும் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அந்தக் குழுவுக்குச் சாப்பாடு கொண்டுபோவார், கூடமாட ஒத்தாசைக்கு நானும் போனேன். காற்று சரியில்லை என்று நாள் கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த விமானம் மணிக்கு நாற்பது மைல்தான் போகும், எதிர்காற்று கொஞ்சம் பலமாக இருந்தாலே பறவைகள் களைத்து இறங்கிவிடும், ஆகவே விடியற்காலை காற்று அடங்கியிருந்தால்தான் பயணம்.

தரைக்குழுவை நடத்தியது ஓர் அம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சம்பளம் கிடையாது, வருடாவருடம் இலையுதிர்காலம் வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுவாராம். டிரெய்லருக்குப் பின்னால் அவருடைய வெள்ளை அங்கி தொங்கிக்கொண்டிருந்தது, எடுத்துக் காட்டினார். தலையிலிருந்து முழங்கால் வரை ஒரே துணி, முகத்துக்கு நேரே உள்ளேயிருந்து மட்டும் பார்க்க முடிகிற வலை, கீழ் விளிம்பு பூராவும் காய்ந்த சேறு. வலது கையில் மாட்டிக்கொள்ள கொக்குத் தலை மாதிரி ஒரு பொம்மை, அலகு திறந்து மூடும், அதில் திராட்சையை வைத்துத்தான் பறவைகளுக்குக் கொடுப்பார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் போனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது, இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு விலகி வந்துவிட வேண்டும். மேரிலாந்தின் பாட்டக்சென்ட் ஆராய்ச்சி மையத்தில் முட்டைக்குள் இருக்கும்போதே விமான எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். ஆனால் மனிதக் குரல் மட்டும் கடைசிவரை காதில் விழக் கூடாது.

"உங்களை அடையாளம் தெரியுமா அதுகளுக்கு?" என்று கேட்டேன். தெரியக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையே என்றார். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை, சமையலில் உப்பு எவ்வளவு என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அங்கியை மடித்து வைத்தார். ஐந்தாறு மாதம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த ஒன்றுக்குத் தன் முகத்தையும் குரலையும் ஒருநாளும் காட்டாமல் இருப்பது எத்தனை பேரால் முடியும்? நான் சந்தித்த மனிதர்களில் அவருக்கு ஒரு தனி இடம் உண்டு.

மறுமொழி, ஃபுளோரிடாவிலிருந்து

படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு டனெல்லன் பக்கம். கடைசிக் கட்டத்தில் பறவைகள் டனெல்லன் விமான நிலையத்துக்கு மேலே பறந்து போகும், பொதுமக்கள் நின்று பார்க்கலாம். இருட்டோடு குழந்தைகளைப் போர்வையில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு போவோம். போனால் "இன்று காற்று சரியில்லை, கிளம்பவில்லை" என்று அறிவிப்பார்கள், கூட்டம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கலையும், மறுநாள் அதே முகங்கள் திரும்ப வந்து நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் வந்த தாத்தா பாட்டிகள், வேலைக்குப் போகிற வழியில் நின்றவர்கள் என்று எல்லாவிதமான ஆட்களும் இருப்பார்கள்.

முதலில் எஞ்சின் சத்தம் மெல்லக் கேட்கும். அப்புறம் ஒரு புள்ளி, அதன் ஒரு பக்க இறக்கையிலிருந்து சரம் கோத்த மாதிரி பறவைகள். விமான இறக்கையிலிருந்து எழும் காற்றோட்டத்தில் ஏறிக்கொள்வதால் அதிகம் இறக்கையடிக்காமலே மிதந்து வரும். அந்த வயதில் இன்னும் முழு வெள்ளை ஆகியிருக்காது, கழுத்திலும் முதுகிலும் பழுப்புத் திட்டுகள் தெரியும். யாரும் கை தட்டவில்லை, கத்தவில்லை, முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள்.

பறவைகளை விட்டுவிட்டு விமானிகள் பிறகு வந்து பேசினார்கள். என் மகள் ஒருவரிடம், பறவை பின்னால் வராமல் கூண்டுக்கே திரும்பிப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அதற்கென்றே தரையில் ஒருவர் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருப்பாராம், பறவை இறங்கப் பார்த்தால் பூதம் மாதிரி எழுந்து ஆடுவாராம். குழந்தையிடம் குந்தி உட்கார்ந்து, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு களைப்பு, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

2007 பிப்ரவரியை மட்டும் நினைக்கவே பிடிக்காது. சாசஹோவிட்ஸ்கா கூண்டில் இருந்த பதினெட்டுப் பறவைகளில் பதினேழு ஒரே இரவில் புயலில் போய்விட்டன. ஒரு வருட உழைப்பு, அத்தனை மைல் பயணம், எல்லாம் போச்சு. இனி விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். அந்த ஆண்டே அடுத்த குஞ்சுகளோடு கிளம்பிவிட்டார்கள், அதற்கடுத்த ஆண்டிலிருந்து கூட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஃபுளோரிடாவிலேயே இன்னொரு சரணாலயமான செயின்ட் மார்க்சில் விட ஆரம்பித்தார்கள்.

மறுமொழி, அலபாமாவிலிருந்து

2011-12 பயணம் எங்கள் மாநிலத்தில்தான் நின்றது. இந்த வகைச் சிறு விமானத்தைக் கூலிக்கு ஓட்டக் கூடாது என்பது விமானப் போக்குவரத்து விதி, அமைப்பு விமானிகளுக்குச் சம்பளம் தருகிறதே என்று கேள்வி வந்தது. அவர்கள் உடனே பறப்பதை நிறுத்தி, முறையாக விதிவிலக்குக் கேட்டுக் காத்திருந்தார்கள். ஜனவரியில் விலக்கு கிடைத்தது, ஆனால் அதற்குள் பருவம் போய்விட்டது, பறவைகளுக்கும் பறக்கிற எண்ணம் விட்டுப்போய்விட்டது. கடைசியில் வண்டியில் ஏற்றி வீலர் சரணாலயத்தில் விட்டார்கள். வீலரில் பார்வையாளர் கட்டடத்துக் கண்ணாடி வழியாக, சாண்ட்ஹில் என்ற வேறொரு வகைக் கொக்குகள் ஆயிரக்கணக்கில் நிற்கிற சாம்பல் நிறத்துக்கு நடுவே அந்த வெள்ளையைப் பார்த்திருக்கிறேன். இங்கே பனிக்காலத்தில் இப்போதும் வருகின்றன.

மறுமொழி, விஸ்கான்சினிலிருந்து

பராபூவில் உள்ள சர்வதேசக் கொக்கு அறக்கட்டளையில் வார இறுதிகளில் வழிகாட்டித் தன்னார்வலராக இருக்கிறேன், அதனால் அங்கி விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது முன்னால் பட்ட பாட்டில் வந்த பாடம். 1973-ல் அறக்கட்டளையைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட், டெக்ஸ் என்ற பெண் கொக்கோடு பல வசந்தகாலங்கள் சேர்ந்து ஆடியவர். மனிதர் கையில் வளர்ந்ததால் அந்தப் பறவை தன் இனத்து ஆணை ஏறெடுத்தும் பார்க்காது. இவர் ஜோடி மாதிரிக் கூடவே இருந்து ஆடி, செயற்கைக் கருவூட்டலும் செய்து, 1982-ல்தான் ஒரே ஒரு குஞ்சு கிடைத்தது. இன்னொரு பக்கம் ஐடஹோவில் சாண்ட்ஹில் கொக்குகளின் கூட்டில் ஹூப்பிங் முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன, வலசையும் போயின, ஆனால் தங்களுக்குள் ஜோடி சேரவே இல்லை. யார் முகத்தைப் பார்த்து வளர்கிறது என்பது இந்தப் பறவைக்கு அவ்வளவு முக்கியம்.

2006-ல் நெசீடாவில் இந்தக் கூட்டத்தின் முதல் காட்டுக் குஞ்சு பிறந்து தாய் தகப்பனோடு ஃபுளோரிடா போனபோது, தன்னார்வலர்கள் பலர் அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் குஞ்சுகள் அவ்வளவாகப் பிழைக்கவில்லை. நெசீடாவில் வசந்தகாலத்தில் ரத்தம் குடிக்கும் கரு ஈக்கள் மொய்த்து அடைகாக்கும் பறவைகளை எழுப்பிவிடும், கூட்டை விட்டுப் போய்விடும். அதனால் 2011 முதல் விஸ்கான்சினிலேயே வொய்ட் ரிவர் சதுப்புக்கு இடம் மாற்றினார்கள். கடைசியில், இந்த முறையில் மனிதத் தலையீடு அதிகம், வளர்ந்த பறவைகள் குஞ்சுகளைச் சரியாக வளர்ப்பதில்லை என்று சொல்லி, விமானப் பயணத்தை நிறுத்துவதாக 2016 ஜனவரியில் அரசு வனவிலங்குத் துறை அறிவித்தது. 2018-ல் அமைப்பையே கலைத்துவிட்டார்கள். லிஷ்மன் 2017 டிசம்பர் கடைசியில் காலமானார்.

நிறுத்தியது சரியா தவறா என்று இங்கே இன்னும் வாதம் நடக்கிறது. குஞ்சுகளைக் கொக்குகளே வளர்த்துப் பழக்கட்டும் என்ற புதிய முறையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தப் பதினைந்து வருட உழைப்பைத் தோல்வி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூத்த பறவை ஒன்று கூட இருந்தால் கூட்டம் பாதையை விட்டு விலகுவது குறைகிறது என்று 2013-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, இந்தக் கூட்டத்தைக் கண்காணித்த பதிவுகளை வைத்துத்தான் எழுதப்பட்டது. இன்று குஞ்சுகளை மூத்த பறவைகளுக்குப் பக்கத்தில் விட்டால் அவை பின்தொடர்ந்து தெற்கே போய்விடுகின்றன. அந்த மூத்த பறவைகளுக்குப் பாதை வந்தது எங்கிருந்து?

மறுமொழி, இண்டியானாவிலிருந்து

மேலே சொன்ன அந்த முதல் குஞ்சின் தாயை 2009-ல் எங்கள் மாநிலத்தில்தான் சுட்டார்கள். வழக்கு நடந்து, விதித்த அபராதம் ஒரு டாலர். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, தன்னார்வலராகப் பெயர் கொடுத்ததே அதனால்தான். இங்கே கூஸ் பாண்ட் என்ற சதுப்பு நிலத்தில் இலையுதிர்காலத்தில் சாண்ட்ஹில் கூட்டத்துக்குள் இவை தட்டுப்படும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: காரை விட்டு இறங்காதீர்கள், நடந்து கிட்டே போகவே போகாதீர்கள், இருநூறு கஜமாவது தள்ளி நில்லுங்கள், சத்தமாகப் பேசாதீர்கள். காலில் வண்ண வளையம் இருந்தால் எந்தக் காலில் என்னென்ன நிறம், மேலிருந்து கீழாக என்று குறித்துக்கொண்டு, கிழக்குக் கூட்டத்தைக் கண்காணிக்கும் கூட்டமைப்புக்குத் தெரிவியுங்கள். துல்லியமான இடத்தை முகநூலில் போட வேண்டாம், மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.