அண்ணை 'அன்ரிக்' கார் வாங்கப்போறாராம், காணிக் காசில பங்கு போடலாமோ?

உவர்மலை77:
வணக்கம். கார் விசயத்தில எனக்குத் தெரிஞ்சது ஓட்டுறதும் பெற்றோல் அடிக்கிறதும்தான், பிழையாக் கேட்டா ஏசாதீங்கோ. பெரியம்மாட மகன் கனடாவில இருக்கிறார், அண்ணை எண்டுதான் கூப்பிடுறனான். எங்கட அலஸ்தோட்டம் காணி வித்த காசு ரெண்டு பேருக்கும் பொதுவா பாங்கில கிடக்கு. இப்ப அவர் ஒரு கார் பாத்து வச்சிருக்கிறார், பேர் கிளெனே. வாட்ஸப்பில பத்துப் பன்னிரண்டு படம் அனுப்பியிருக்கிறார். கூரை மடிக்கிற கார், ரெண்டு பேர்தான் இருக்கலாம், போனற் மட்டும் ஒரு ஆள் பாய் போட்டுப் படுக்கிற நீளம், முன்னுக்கு குத்துவிளக்கு மாதிரி ரெண்டு பெரிய லைற், பழைய காலத்து ஜமீன்தார் வந்து இறங்குற கார் மாதிரி. கையால செய்ததாம், உலகத்திலயே 250தான் இருக்காம், அன்ரிக் எண்டபடியா பத்து வருசத்தில ரெண்டு மடங்கு விலை போகுமாம், திருகோணமலைக்கு இறக்கினா நிலாவெளி ஹோட்டல் கலியாணங்களுக்கு ஹயருக்கு விடலாமாம். என்ர பங்கையும் போடச் சொல்லுறார். கார் வடிவுதான், பொய் சொல்லேல்ல. ஆனா மனுசி முறைக்கிறா. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

குளிர்நாட்டான்:
தம்பி, முதல்ல அது அன்ரிக் இல்ல. 1930 காருமில்ல. 250 எண்டு சொல்லுறதால அது கிளெனேயின்ர சீரிஸ் வன் ஆத்தான் இருக்கோணும், எழுபதுகளின்ர பின்பாதியில கலிபோர்னியா சான்ரா பார்பராப் பக்கம் செய்தது. அலன் கிளெனே எண்ட பிரெஞ்சு டிசைனர் தொடங்கின கொம்பனி. இந்த வகைக்கு நியோகிளாசிக் எண்டு பேர், முகம் முப்பதுகள், வயிறு எழுபதுகள்.

இதைத் தொடக்கி வச்சது புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் எண்ட மில்வோக்கிக்காரர். 1964 நியூயோர்க் கார் கண்காட்சிக்கு ஸ்ரூட்பேக்கர் காரின்ர சேசிஸில, அதாவது அடிச்சட்டத்தில, 1928 மெர்சிடிஸ் எஸ்எஸ்கே சாயல்ல ஒண்டு செய்து கொண்டுவந்தார், அதுதான் எக்ஸ்காலிபர். பேந்து ஸ்ரூட்பேக்கர் எஞ்சின் கிடைக்காமப் போக ஷெவ்ரலே கோர்வெற் எஞ்சினைப் போட்டு கனக்க வருசம் வித்தவை. ஸ்ரட்ஸ் பிளாக்ஹோக் எண்டு ஒண்டு வந்தது, எல்விஸ் பிரெஸ்லி வாங்கினவர், அதுக்குக் கீழ பொன்ரியாக். எண்பதுகளில சிம்மர், அதுக்குக் கீழ ஃபோர்ட் மஸ்டாங்.

கிளெனே ஏன் அந்த நேரம் எடுபட்டதெண்டா, என்ர கணக்கில, 1976 இல கடிலாக் எல்டொராடோதான் கடைசி அமெரிக்கக் கொன்வெற்றிபிள் எண்டு விளம்பரம் பண்ணி வித்தவை, பெரிய கொம்பனியள் எல்லாம் கூரை திறக்கிற காரைக் கைவிட்டுட்டுது. காசு வச்சிருக்கிறவனுக்கு வெயில் படுற கார் வேணும், செய்ய ஆளில்ல, அந்த ஓட்டைக்குள்ள பூந்தவைதான் இப்பிடிச் சின்னப் பட்டறைக்காரர். உண்மையான முப்பதுகள் சாமான் எண்டா டியூசன்பேர்க் ஜே, 480 சொச்சம்தான் செய்தவை, நல்லது ஒண்டு ஏலத்துக்கு வந்தா மில்லியன் டொலரில கதைப்பாங்கள். கிளெனே அந்த வரிசையில இல்ல. 250தான் செய்ததெண்டது உண்மை, ஆனா குறைவாச் செய்த எல்லாத்துக்கும் விலை ஏறாது தம்பி, வாங்க ஆளும் குறைவா இருந்தா என்ன செய்யிறது.

பாலையூற்றான்:
ஹயருக்கு விடுறதெல்லாம் கனவு மச்சான். மாப்பிள்ளை பொம்பிளை ரெண்டு பேரையும் ஏத்தினா ரைவர் எங்க இருக்கிறது, ஓடிக்கொண்டு பின்னால வாறதோ 😂 தோழி, வீடியோக்காரன், குட்டித்தம்பி எல்லாம் என்ன செய்யிறது. கோணேசர் கோயிலுக்கு கோட்டை வாசலால ஏறேக்க மான் குறுக்க வந்தா அந்த போனற் நீளத்துக்கு மான் நிக்கிறதே தெரியாது.

கராச்சுப் பெடியன்:
குளிர்நாட்டான் அண்ணை சொன்னது சரி, நான் வேலைப் பக்கம் சொல்லுறன். எஞ்சின் பயப்பிடத் தேவையில்ல, ஃபோர்ட் வீ8, சேசிஸும் அந்தக் கொம்பனி லிங்கன்தான், அமெரிக்காவில மூலைக்கு மூலை சாமான் கிடைக்கும். பிரச்சினை கண்ணுக்குத் தெரியிற பக்கம். மட்காட், கிறில், லைற் கூடு, விளிம்புக் குரோம், இதுகள் அந்தப் பட்டறையில கையால செய்தது, பெட்டியில வராது. ஒண்டு நெளிஞ்சா ஒரு நல்ல ரிங்கர் பாஸைப் பிடிச்சு மற்றப் பக்கத்தைப் பாத்து அளவெடுத்துத் தட்டித்தான் எடுக்கோணும், கையால செய்த காரில இடமும் வலமும் ஒரே அளவில இருக்குமெண்டும் நம்பேலாது. இங்க உப்புவெளியில என்ர மோட்டச்சைக்கிள் குரோமே ரெண்டு மாரி தாங்கேல்ல, புள்ளி புள்ளியா வெடிச்சுப் போச்சு, அந்தக் காரில முகம் முழுக்கக் குரோம். துணிக் கூரை வேற. கடல்காத்துக்கு அதை வைக்கோணுமெண்டா ஏசி அறை கட்டோணும், கார் அறையில நீங்க விறாந்தையில.

இறக்குறது அதைவிடக் கஷ்டம். 2020 இல நிப்பாட்டின இறக்குமதியை 2025 பெப்ரவரியில ஆக்களுக்குத் திறந்தவை எண்டாலும் பாவிச்ச வாகனத்துக்கு வயசெல்லை இருக்கு, நாப்பத்தஞ்சு வருசத்துக்கு மேற்பட்டதை மற்றாக்கள் ஜப்பான் கார் எடுக்கிற மாதிரி சும்மா எடுக்கேலாது, வரியும் வேற. அதோட இது இடப்பக்க ஸ்டீரிங். ஓவர்டேக் பண்ண கன்னியா றோட்டில எட்டிப் பாக்கிறதுக்கு பக்கத்து சீற்றில ஆள் வேணும்.

உவர்மலை77:
எல்லாருக்கும் நன்றி, ஒரு கதை சொல்லோணும். டொக்கியாட் றோட்டுப் பக்கம் ஒரு வயசான ஐயா கராச் வச்சிருக்கிறார், அப்பாட மொறிஸ் மைனரை அவர்தான் பாத்தவர். அவருக்கு வேலை பழக்கினவர், 1957 வரைக்கும் வெள்ளைக்காரன்ர நேவி இங்க இருந்த காலத்தில, உள்ளுக்கு வேலை செய்தவராம். நேற்று ஃபோனைக் கொண்டுபோய்க் காட்டினன். கண்ணாடியை நெத்தியில ஏத்திப்போட்டு, பெருவிரலால ஸ்கிரீனில போனற்றை மறைச்சார், மற்றக் கையால பின் மட்காட்டை மறைச்சார். "இப்ப பார்" எண்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. "எட, இது குட்டி எம்ஜி. எம்ஜி மிட்ஜெட். கதவைப் பார், முன் கண்ணாடி நிக்கிற சரிவைப் பார். சின்னப் பெட்டியை நடுவில வச்சு ரெண்டு பக்கமும் தும்பிக்கையும் வாலும் ஒட்டியிருக்கிறாங்கள்" எண்டார். வீட்ட வந்து மிட்ஜெட் படம் ஒண்டு எடுத்துப் பக்கத்தில வச்சுப் பாத்தா அதே கதவு, எனக்குச் சிரிப்பு அடக்கேலாமப் போச்சு. இது உண்மையோ குளிர்நாட்டான் அண்ணை?

குளிர்நாட்டான்:
ஐயாக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. நூறு வீதம் உண்மை. சீரிஸ் வன்னில நடுக்கூடு, கதவு, முன் கண்ணாடி எல்லாம் மிட்ஜெட்தான், 1961 இல இருந்து 1979 வரைக்கும் இங்கிலாந்தில செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். ஏமாத்தில்ல, முழுக் கதவைப் புதுசா வடிவமைச்சு கண்ணாடி ஏறி இறங்கி தண்ணி ஒழுகாமச் செய்யிறது சின்னப் பட்டறைக்கு ஏலாத வேலை, அதால செய்து வச்ச கூட்டை எடுத்துக் கட்டுறதுதான் புத்தி. ஆனா மிட்ஜெட் உள்ளுக்கு எவ்வளவு ஒடுக்கம் எண்டு இருந்து பாத்தவனுக்குத்தான் தெரியும். அண்ணை என்ன உயரம்?

உங்களுக்கு உந்த வடிவுதான் வேணுமெண்டா ஜப்பானில மிற்சுவோக்கா எண்டு தொயாமாவில ஒரு கொம்பனி இருக்கு, ஹிமிக்கோ எண்டு ஒரு கார் செய்யினம். மஸ்டா ரோட்ஸ்ரரை எடுத்து முன்பக்கத்தை 70 சென்ரிமீற்றர் இழுத்து, உதே மாதிரி நீளப் போனற்றும் வீங்கின மட்காட்டும் கையால பொருத்துறவை. வலப்பக்க ஸ்டீரிங், உள்ளுக்கு மஸ்டா. விலை வேற கதை. கிளெனேயை நான் குறைவாச் சொல்லேல்ல, ஞாயிற்றுக்கிழமை ஓட்ட அருமையான சாமான், காசு வளர்க்க வாங்காதீங்கோ எண்டுதான்.

பாலையூற்றான்:
தும்பிக்கையும் வாலும்... ஐயாவை இங்க எழுதச் சொல்லுங்கோவன்.

உவர்மலை77:
கடைசி நிலவரம். ஐயா சொன்னதை அண்ணைக்கு வொய்ஸ் போட்டன். ரெண்டு நாள் பதிலே இல்ல, கோவமாக்கும் எண்டு நினைச்சன். இண்டைக்கு விடிய எடுத்தார், போய் உள்ளுக்கு ஏறி இருந்து பாத்தவராம். ஆள் ஆறடி. முழங்கால் ஸ்டீரிங்கில முட்டுது, தலை கூரைத் துணியில முட்டுது, இறங்கேக்க கார்க்காரன்தான் கையில பிடிச்சு இழுத்து எடுத்தவராம். ஒரு மணித்தியாலம் அதைச் சொல்லிச் சிரிச்சவர். கடைசியா வைக்கேக்க, ஹிமிக்கோ இப்ப என்ன விலை போகுதெண்டு கேட்டுச் சொல்லட்டாம். நான் இன்னும் மனுசிக்குச் சொல்லேல்ல.