பாங்காங் முதல் சோ மோரிரி வரை: போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். செப்டம்பரில் நண்பர்களோடு லடாக் போகிறோம். பாங்காங் ஏரியிலிருந்து லேவுக்குத் திரும்பாமல் சுஷூல், நியோமா, மாஹே வழியாகவே சோ மோரிரி ஏரிக்குப் போக ஆசை. அந்தப் பாதையில் சமீபத்தில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சாதாரணக் கார் தாங்குமா? நடுவில் பெட்ரோல் கிடைக்குமா?

பெரிய கவலை உயரம்தான். லேயே சுமார் 3,500 மீட்டர். சோ மோரிரி 4,500 மீட்டரைத் தாண்டுகிறது. எங்களில் ஒருவனுக்கு ஆஸ்துமா. அவனை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். ஆனாலும் அப்படி ஒருவரைக் கூட்டிப்போன அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் தெம்பாக இருக்கும். லேயில் எத்தனை நாள் ஓய்வெடுத்தீர்கள்? ஏரிக்கரையில் இரவு தங்கினீர்களா?

அப்புறம், சோ மோரிரி கரையில் இருக்கும் கோர்சோக் கிராமத்தில் எந்த போஸ்ட்பெய்டு சிம்முக்கு சிக்னல் கிடைக்கிறது?