வாத்துக் குஞ்சுகள் ராத்திரி முழுக்கக் கத்துகின்றன, என்ன செய்யலாம்?

சோழவந்தான் தம்பி:
மேய்ச்சல்காரர் ஒருவரிடம் இருபது வாத்துக் குஞ்சு வாங்கினேன். பொரித்து நாலைந்து நாள் இருக்கும். அட்டைப்பெட்டியில் பேப்பர் விரித்து, மேலே எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறேன். மார்கழிப் பனிக்கு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. தட்டில் தண்ணீர் வைத்தால் இறங்கிக் குளித்துவிட்டு நடுங்குகின்றன. தீனி, கறிக்கோழிக் குஞ்சுக்குப் போடுகிற பிராய்லர் ஸ்டார்ட்டர். ரெண்டு குஞ்சு காலை இழுக்கின்றன.

மேலூர் அக்கா:
தம்பி, எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும், சூடு எங்கே தரும்? பழைய 60 வாட் குண்டு பல்பு தேடி வாங்குங்கள். பெட்டியின் ஒரு ஓரமாகத் தொங்கவிடுங்கள், நடுவில் வேண்டாம். குளிர்கிறது கிட்டே வரும், புழுங்குகிறது தள்ளிப் போகும். முதல் வாரம் குஞ்சு நிற்கிற மட்டத்தில் 32 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்தால் சரி. வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் பல்பை உயர்த்துங்கள். நம்ம ஊர் பகல் வெயிலுக்குப் பல்பே வேண்டியிருக்காது.

தண்ணீரில்தான் நிறையப் பேர் குஞ்சைப் பறிகொடுக்கிறார்கள். தாய் வாத்தோடு திரிகிற குஞ்சுக்கு அதன் இறகு எண்ணெய் ஒட்டும், நனைந்தாலும் தாய் அணைத்துக்கொள்ளும். உங்கள் குஞ்சுக்கு ரெண்டும் இல்லை. அதற்காகத் தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. தீனியைக் கவ்வியதும் ஓடி வந்து அலகை முக்கி உதறும் பாருங்கள், மூக்குத் துளையில் ஒட்டிய மாவு அப்போதுதான் கழுவிப் போகும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பக்கவாட்டில் தலை மட்டும் நுழைகிற ஓட்டை போடுங்கள். குடிக்கும், குளிக்க முடியாது.

பேப்பரை இன்றைக்கே எடுங்கள், வழுக்கி வழுக்கித் தொடை விரிந்துவிடும். சாக்கு விரித்து, ஈரமானதும் மாற்றுங்கள். கால் இழுப்பதற்கு நியாசின் என்கிற பி வைட்டமின் குறைவும் காரணமாக இருக்கலாம். வாத்துக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் வேண்டும், கோழிக் குஞ்சுக்கு அவ்வளவு தேவையில்லை. மாட்டு டாக்டரிடம் காட்டி பி-காம்ப்ளெக்ஸ் அளவு கேளுங்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மையமும் இருக்கிறது.

வாடிப்பட்டி ராசு:
அக்கா சொன்னதோடு ஒன்று. மிச்சமாகிறது என்று பூசணம் பிடித்த மக்காச்சோளம், பழைய கடலைப் புண்ணாக்கு போட்டுவிடாதீர்கள். கோழி தாங்குகிற நஞ்சை வாத்து தாங்காது, ஈரல் கெட்டுச் செத்துப்போகும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகளும் வாத்துக் குஞ்சுகளும் கூட்டமாகச் செத்த பிறகுதான் புண்ணாக்கில் இருந்த அஃப்லடாக்சின் என்கிற பூசண நஞ்சையே கண்டுபிடித்தார்கள். ஈரம் கலந்த தீவனம் காலையில் வைத்தது சாயங்காலம் வரை கிடக்கக் கூடாது.

சோழவந்தான் தம்பி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. சாக்கு விரித்துவிட்டேன். ராத்திரி கரண்ட் போனால்? அம்மா கங்குச் சட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

மேலூர் அக்கா:
மூடிய அறையில் கங்கு வேண்டாம் தம்பி, புகையிலேயே போய்விடும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வையுங்கள். மேலே பாதிக்குச் சாக்கு, மீதி காற்றுக்கு. ஆறினதும் மாற்ற ஒருத்தர் எழுந்திருக்க வேண்டும், அதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.