‘உன் வீடியோ என்னிடம் இருக்கிறது’: மிரட்டல் மின்னஞ்சல் வந்தவர்கள் எழுதுகிறார்கள்

மதுரை, கணினி பழுதுபார்ப்பவர்

லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ‘உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக்கிக் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டால் முகம் கொடுக்காமல் நிற்பவர்கள் அவ்வப்போது வருகிறார்கள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். வேலையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்ப மனம் வராது. உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, ‘பிட்காயின் கேட்டு ஏதாவது மெயில் வந்ததா சார்?’ என்று நானே கேட்டுவிடுவேன்.

அண்மையில் வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். லேப்டாப்பைத் திறந்தால், திரையின் உச்சியில் கேமரா இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. அதுவும் போதாமல் அதன்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி இரண்டு அடுக்கு. மனிதர் தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண்கள் உள்ளே போயிருந்தன.

மெயிலின் தலைப்பிலேயே அவருடைய கடவுச்சொல் ஒன்று இருந்தது. நீ ஆபாசத் தளம் பார்த்தபோது உன் கேமராவை இயக்கிப் பதிவு செய்துவிட்டேன், உன் தொடர்பில் உள்ள எல்லோருடைய முகவரியும் என்னிடம் இருக்கிறது, 48 மணி நேரத்துக்குள் பிட்காயின் அனுப்பாவிட்டால் அனைவருக்கும் போய்விடும் என்பது அதன் சாரம். ‘இது இப்போது பயன்படுத்தும் கடவுச்சொல்லா?’ என்று கேட்டேன். இல்லை, பல வருடங்களுக்கு முன் வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் பதிவு செய்தபோது வைத்தது என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்ட கோடிக்கணக்கான கணக்கு விவரங்கள் 2016இல் இணையச் சந்தையில் விலைக்கு வந்தன. அதுபோல இன்னும் எத்தனையோ தளங்களிலிருந்து கசிந்தவை மூட்டை மூட்டையாகக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பட்டியலில் மின்னஞ்சல் முகவரிக்குப் பக்கத்திலேயே கடவுச்சொல்லும் இருக்கும். இரண்டையும் எடுத்து ஒரே கடிதத்தில் பொருத்தி அனுப்பும் மோசடி 2018 ஜூலையில் உலகம் முழுவதும் பரவியது. அனுப்புவது மனிதன்கூட இல்லை. போர்பியெக்ஸ் என்ற தீநிரல் (கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புகும் மென்பொருள்) வலை, தன் பிடியில் இருந்த கணினிகளைக் கொண்டு மணிக்கு 30,000 மிரட்டல் மெயில்கள் வரை அனுப்பியதை இணையப் பாதுகாப்பு நிறுவனமான செக்பாயிண்டின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். பேராசிரியர் யார், என்ன பார்த்தார், எதுவுமே அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான். ‘வீடியோ வைத்திருப்பவன் அதிலிருந்து ஒரு படத்தையாவது அனுப்பியிருக்க மாட்டானா சார்?’ சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தேநீரைக் குடித்தார்.

உங்களுக்கும் இப்படி வந்திருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும். அடுத்தவருக்கு வரும்போது இதைப் படித்திருந்தால் அவர் ஓர் இரவாவது நிம்மதியாகத் தூங்குவார்.

நாகர்கோவில்

எனக்கும் வந்தது. ‘உன் முகத்தைத் தெளிவாகப் படம்பிடித்தேன்’ என்று எழுதியிருந்தான். என்னிடம் இருப்பது பழைய மேசைக் கணினி. அதில் கேமராவே கிடையாது. மெயில் பார்ப்பதும் அதில் மட்டும்தான்.

திருச்சி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

எனக்கு வந்த மெயிலில் கடவுச்சொல் இல்லை. ஆனால் அனுப்பியவர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் என் சொந்த முகவரியே இருந்தது. ‘பார், உன் கணக்கிலிருந்தே உனக்கு எழுதுகிறேன், உன் கணக்கு என் கையில்’ என்றான். வங்கியில் வேலை பார்த்த எனக்கே வயிற்றைக் கலக்கியது.

என் மகன்தான் விளக்கினான். தபால் உறையில் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம், தபால்காரர் சரிபார்ப்பதில்லை. மின்னஞ்சலின் அடிப்படை விதிமுறையும் அப்படித்தான் உருவாக்கப்பட்டது. பிற்காலத்தில் சேர்த்த சோதனைகள் எல்லா இடத்திலும் கண்டிப்பாக நடப்பதில்லை. ஜிமெயிலில் அந்த மெயிலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தால், உண்மையில் எந்தச் சர்வரிலிருந்து வந்தது, சோதனையில் தேறியதா என்பது தெரியும். என்னுடையது தேறவில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தக் கருவிகள் உள்ளே நுழைந்திருக்கின்றன என்ற பட்டியலும் இருக்கிறது. என் கைப்பேசி, என் கணினி தவிர வேறு எதுவும் இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். அவர்களுக்கும் இதே மெயில் வந்திருக்கும்.

டொராண்டோ

திருச்சி ஐயா எழுதியதற்குப் பக்கத்தில் இதையும் வைக்கிறேன். இங்கே கனடாவிலும் அமெரிக்காவிலும் 2024இல் வந்த புதுவகையில், பிடிஎஃப் கோப்பு ஒன்று இணைத்திருந்தார்கள். அதில் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி, கூடவே வீட்டின் முகப்புப் படம். பெகாசஸ் உளவு மென்பொருளை உன் கைப்பேசியில் ஏற்றிவிட்டேன் என்ற கதையும் உண்டு. என் மாமியார் படத்தைப் பார்த்துவிட்டு, வாசலில் யாரோ நின்று எடுத்திருக்கிறார்கள் என்று திரைச்சீலையை எல்லாம் இழுத்து மூடிவிட்டார்.

படத்தைக் கூர்ந்து பார்த்தேன். வாசலில் நாங்கள் வெட்டிவிட்ட மேப்பிள் மரம் அதில் இன்னும் நின்றது. கூகுள் வரைபடத்தில் வரும் வீதிப் படத்திலிருந்து அப்படியே எடுத்தது. முகவரி தெரிந்த எவரும் எடுக்கலாம். மாமியாருக்கு அதே படத்தைக் கணினியில் தேடிக் காட்டிய பிறகுதான் திரைச்சீலை திறந்தது.

சேலம், ஆசிரியை

என் கணவருக்கு வந்தது வேறு ரகம். அசோகச் சின்னம், சிவப்பு முத்திரை, உயர் போலீஸ் அதிகாரியின் கையெழுத்து எல்லாம் போட்ட கடிதம். குழந்தைகளின் ஆபாசப் படம் பார்த்ததாக உங்கள் இணைய இணைப்பின்மீது குற்றச்சாட்டு, 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் கைது, ஊடகங்களுக்கும் தெரிவிப்போம் என்று இருந்தது. வந்த முகவரியோ யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஜிமெயில் முகவரி.

இது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு பலமுறை அறிவித்திருக்கிறது. பதில் எழுதினால்தான் வலை இறுகும். முதலில் விளக்கம் கேட்பார்கள், பிறகு ‘வழக்கை முடிக்க’ ஒரு தொகை. எனக்குக் கோபம் எதில் என்றால், உண்மையாகவே குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமையின் பெயரைச் சொல்லி இவர்கள் காசு பறிப்பதில்தான். என் கணவர் அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டவே அவ்வளவு தயங்கினார். என்னிடமே சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் குற்றச்சாட்டு எத்தனை கனமானது என்று பாருங்கள்.

கோவை

இங்கே எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன். மேலே எல்லோரும் சொன்னது வெற்று மிரட்டல். என் தம்பிக்கு நடந்தது அப்படி இல்லை, அதனால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முகநூலில் ஒரு பெண் பெயரில் நட்பு அழைப்பு. இரண்டொரு நாள் பேச்சு. ஓர் இரவு வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. எடுத்ததும் எதிரே ஆடையில்லாத பெண். அது முன்பே எடுத்து வைத்த பதிவு. இவன் முகமும் அதுவும் ஒரே திரையில் தெரிவதை அவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். சில நிமிடங்களில் அந்த வீடியோவே அவனுக்கு வந்தது, கூடவே அவன் முகநூல் நண்பர்கள் பட்டியலின் படமும். கேட்ட பணத்தைக் கொடுத்தான். அடுத்த நாள் வேறொருவன், டெல்லி சைபர் கிரைம் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு பேசினான். யூடியூபில் ஏற்றிவிட்டார்கள், நீக்கக் கட்டணம் வேண்டும் என்றான். இரண்டு பேரும் ஒரே கூட்டம்.

நல்ல வேளை, நள்ளிரவில் என் அறைக் கதவைத் தட்டினான். ‘அக்கா, திட்டாதே’ என்றுதான் ஆரம்பித்தான். திட்டவில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைத்தோம். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், அவர்கள் எண்கள், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாவற்றையும் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் ஏற்றினோம். ஒன்றையும் அழிக்கவில்லை. முகநூலில் நண்பர்கள் பட்டியலை மறைத்தோம். அந்த எண்களைத் தடுத்தோம். அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் இருக்கிறது. படத்தை அங்கே பதிவேற்ற வேண்டியதில்லை. நம் கைப்பேசியிலேயே அதற்கு ஓர் எண்கோவை உருவாகி, அது மட்டும் போகும். அதில் சேர்ந்துள்ள சமூக வலைத்தளங்கள் அந்தக் கோவையோடு பொருந்தும் படத்தைத் தடுக்கும். அது 18 வயது நிரம்பியவர்களுக்கு. சிறுவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக ஒன்று உண்டு.

ஓரிரு நாள் மிரட்டிப் பார்த்தார்கள். பணம் வராது என்று தெரிந்ததும் நின்றது. சிலருக்கு அனுப்பியும் விடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அப்போதும் பணம் கொடுத்து அதை நிறுத்த முடியாது. கொடுத்தவனிடம் மேலும் கேட்பார்கள், அவ்வளவுதான்.

இந்த மிரட்டலால் உயிரை விட்ட பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். தாங்க முடியவில்லை என்று தோன்றினால் 14416, டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பெற்றோரே, உங்கள் பிள்ளை கதவைத் தட்டினால் முதலில் உட்காரச் சொல்லுங்கள். கேள்வி எல்லாம் காலையில் கேட்டுக்கொள்ளலாம்.

மதுரை, கணினி பழுதுபார்ப்பவர்

கோவை சகோதரிக்கு நன்றி. இதை எழுத எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், அப்படியானால் கேமராவை யாரும் திருட்டுத்தனமாக இயக்கவே முடியாதா என்று. முடியும். 2013இல் அமெரிக்காவில் இளம் அழகிப் பட்டம் வென்ற ஒரு பெண்ணின் கணினிக்குள் தீநிரல் வைத்து, அவளுடைய அறையையே படம்பிடித்தான் ஒரு 19 வயது மாணவன். 2014இல் அவனுக்கு 18 மாதச் சிறை. ஆனால் அவன் மிரட்டியபோது படங்களை அனுப்பித்தான் மிரட்டினான். அதே 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய மேக்புக் வகை ஒன்றில் பச்சை விளக்கு எரியாமலே கேமராவை இயக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். ஆகவே கேமராவை மூடி வைப்பது நல்ல பழக்கம்தான்.

மூடுவதையும் சரியாகச் செய்யுங்கள். பிளாஸ்திரியின் பசை கேமராக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு படம் மங்கிவிடும். பொட்டு வைப்பதானாலும் அடியில் சிறு காகிதத் துண்டு வைத்து ஒட்டுங்கள். மேக்புக்கில் தடித்த மூடியைப் பொருத்திவிட்டுத் திரையை மூடினால் திரை உடையலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2020இல் எச்சரித்தது. கைப்பேசியில், ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐஃபோனில் ஐஓஎஸ் 14 முதலும், கேமரா இயங்கினால் திரையின் மேல் பகுதியில் பச்சை அடையாளம் தெரியும். விண்டோஸ் அமைப்புகளில் கேமராப் பக்கத்துக்குப் போனால் எந்தச் செயலி கடைசியாக எப்போது பயன்படுத்தியது என்பதுவரை இருக்கிறது. தேவையில்லாத செயலிகளுக்கு அனுமதியை அங்கேயே நீக்கிவிடலாம்.

பழைய கடவுச்சொல்லை இன்னும் எங்காவது வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். உங்கள் முகவரி எந்தெந்தக் கசிவில் இருக்கிறது என்பதை இணையப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹண்ட் 2013 முதல் நடத்திவரும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எனக்கு உண்மையான கவலை லேப்டாப் கேமராவைப் பற்றி இல்லை. வீட்டுக்கூடத்திலும் கடையிலும் மாட்டும் சிசிடிவி பற்றித்தான். 2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் பதிவுகள் வெளியே போய் டெலிகிராமில் விற்கப்பட்டன. சிசிடிவியை மாட்டிவிட்டுப் போனவர் வைத்த ‘அட்மின்’ கடவுச்சொல்லையே பல வீடுகளில் இன்னும் வைத்திருக்கிறார்கள். அதை எப்படி மாற்றுவது என்று தெரியாதவர்கள், சிசிடிவிப் பதிவுப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயரையும் மாதிரி எண்ணையும் இங்கே எழுதுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறேன். கடவுச்சொல்லை மட்டும் எழுதிவிடாதீர்கள்.