பொன்னியின் செல்வனை இப்போது முதல்முறை படிப்பவர்கள்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

வேளச்சேரி வாசகி:

பொன்னியின் செல்வனை இந்தக் காலத்தில் புதிதாகப் படிக்கிறவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? உங்கள் வீட்டில், அலுவலகத்தில் பார்த்ததை எழுதுங்கள். முடிவு வரை பேசப் போகிறோம், இன்னும் படிக்காதவர்கள் கவனம்.

எங்கள் அடுக்ககத்தில் ஞாயிறு மாலைகளில் ஒரு வாசிப்பு நடக்கிறது. இரண்டு மூன்று அத்தியாயம், ஒருவர் மாற்றி ஒருவர் உரக்கப் படிப்போம். வருவதில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். 2022-லும் 2023-லும் வந்த படங்களைப் பார்த்துவிட்டு, 'இதில் இன்னும் என்ன இருக்கிறது?' என்று வந்தவர்கள்.

வாரத்துக்குக் கொஞ்சம் என்பதை வேண்டுமென்றேதான் வைத்தேன். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் கல்கி இதழில் வாராவாரம் எழுத்தாளர் கல்கி எழுதிவந்த கதை இது. ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டும் இடத்திலோ, இருட்டில் ஓர் உருவம் தெரியும் இடத்திலோ போய் நிற்கும். ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படித்தால், 'மறுபடியும் மறைந்து நின்று கேட்கிறானா?' என்று அலுப்பு வரும். ஒரு வாரம் காத்திருப்பவருக்கு அந்த நிறுத்தம்தான் ருசி. ஞாயிறு இரவே வாட்ஸ்அப்பில் எங்கள் பிள்ளைகளின் வாக்குவாதம் ஆரம்பமாகிவிடும்.

ஆடிப்பெருக்கு அன்று கதைநாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறானே, அந்த அத்தியாயத்தில் ஒரு பையன், "இப்போது அந்த ஏரி இருக்கிறதா ஆன்ட்டி?" என்று கேட்டான். வீராணம்தான் அது என்றேன். 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் அனுப்பும் அதே ஏரி. உடனே எல்லோரும் கைபேசியில் வரைபடத்தைத் திறந்துவிட்டார்கள். ஏரி, காட்டுமன்னார்கோயில், கடம்பூர் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு வந்தியத்தேவனின் பயணம் அவர்களுக்கு நிஜமான பயணம் ஆயிற்று. அன்றைக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் சேர்த்துப் படித்தோம்.

நான் எதிர்பார்க்காதது, சோழர்களைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினி விஷயம். எங்கள் வீட்டில் அம்மா, சித்தி எல்லோரும் சோழ இளவரசி குந்தவை பக்கம்தான், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நந்தினி பக்கம். "அவள் கெஞ்சினாள் இல்லையா? கெஞ்சிய பிறகும் பட்டத்து இளவரசன் கரிகாலன் வீரபாண்டியனின் தலையை வெட்டினான் இல்லையா? சின்ன வயசிலேயே பழையாறை அரண்மனையை விட்டு விரட்டினார்கள் இல்லையா?" என்று ஒரு மாணவி அடுக்கடுக்காகக் கேட்டாள். அதிலிருந்து எங்கள் வாசிப்பே மாறிவிட்டது. குந்தவை பேசும்போதெல்லாம் 'இது அரசியலா, பாசமா?' என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள்.

இது இந்தக் காலத்துப் பார்வையைப் பழைய கதைமேல் போட்டுப் பார்ப்பது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நந்தினி கல்வெட்டில் இல்லாதவள், முழுக்க கல்கி படைத்த பெண். வீரபாண்டியன் கொல்லப்படும் அந்தக் குடிசைக் காட்சியை எழுதியவரும் அவரே. அதை நினைத்து நினைத்துக் கரிகாலன் உள்ளுக்குள் வெந்து போவதையும் அவரேதான் எழுதினார். அவளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார். அம்மாக்கள் ஒரு பாதியைப் படித்தார்கள், பிள்ளைகள் மறுபாதியைப் படிக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

பெரம்பூர் ரயில்வாசி:

அக்கா, நான் பார்த்தது வேறு மாதிரி. என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பிக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், வேகமாகப் படிக்க வராது. பள்ளியில் வேறு மொழி எடுத்தவன். அவன் ஒலிவடிவத்தில் கேட்க ஆரம்பித்தான். மின்சார ரயிலில் ஆளுக்கொரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொண்டு போவோம். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆனதால் இதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், வாசித்துப் பதிவு செய்யலாம். அதனால்தான் இத்தனை குரல்களில் கிடைக்கிறது. அந்த முடிவு இல்லாவிட்டால் இந்தத் தம்பி கதைக்குள் வந்திருக்கவே மாட்டான்.

தீவிர வைணவனான ஆழ்வார்க்கடியான் சைவர்களோடு வாதம் செய்யும் இடத்தில் ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டான். வருணனை நீளும் இடங்களிலும் அலுப்பு வரவில்லை. கல்கியின் வாக்கியங்கள் காதுக்காகவே எழுதியது போல இருக்கின்றன. பாதியில், எழுத்துக் கூட்டியாவது படிக்கிறேன் என்று அச்சுப் புத்தகமே வாங்கிவிட்டான்.

ஆனால் முடிவு வந்ததும் கோபித்துக்கொண்டான். "கிரீடத்தைத் தூக்கிச் சித்தப்பாவுக்குக் கொடுக்கத்தான் இத்தனை பாகமா? அருள்மொழி எப்போதுதான் ராஜா ஆவார்?" அது 985-ல், கதைக்கு வெளியே நடக்கிறது என்றேன். சித்தப்பா உத்தம சோழனுக்கு அரசாள ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று, பின்னாளில் ராஜராஜன் ஆன அருள்மொழி ஒதுங்கியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடே சொல்கிறது. நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் கிடைத்த செப்பேடு. அதையும் சொன்னேன். அவன் சமாதானம் ஆகவில்லை.

கடைசியில் கதை அவசரமாக முடிகிறது என்பது நியாயமான குறைதான். 1954-லேயே வாசகர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள், கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் தியாகம்தான் குறை என்றால் ஏற்க மாட்டேன். சுதந்திரம் வந்த புதிதில், பதவியை விட்டுக்கொடுக்கிற மனிதன்தான் பெரியவன் என்று நம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கை எனக்கு இன்றைக்கும் வேண்டியிருக்கிறது.

அண்ணா நகர்:

எனக்கு ஒட்டவில்லை, மூன்றாம் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். வந்தியத்தேவன் எங்கே போனாலும் அவனுக்கு வேண்டிய ஆள் அங்கே தற்செயலாக நிற்கிறார். நல்லவர்கள் ரொம்பவும் நல்லவர்கள். ஆனால் கோடிக்கரையில் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு போகும் பூங்குழலியை மட்டும் மறக்க முடியவில்லை. அவளை மட்டும் வைத்து ஒரு பாகம் எழுதியிருந்தால் கட்டாயம் படித்திருப்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், புரசைவாக்கம்:

என் பேத்தி படித்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா, கரிகாலனைக் கொன்றது யார்?" துப்பறியும் தொடர்கள் பார்த்து வளர்ந்த பிள்ளை, பதில் இல்லாமல் விட மாட்டாள். நாவலில் கொலை இருட்டில் நடக்கிறது. கடம்பூர் இளவரசி மணிமேகலை 'நான்தான்' என்கிறாள், நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்.

சரி என்று உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், அனந்தீஸ்வரர் கோயிலில் இருக்கிறது. ராஜராஜன் ஆட்சியின் தொடக்க காலத்தது. 'கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்' என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரைச் சொல்லி, அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிக்க ஆணையிடுகிறது. ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்ற பட்டம் இருக்கிறது என்றதும் பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படியானால் அவன் பெரிய அதிகாரி! நாவலில் காட்டில் திரிகிறானே?" அருமையான கேள்வி. அடுத்ததையும் அவளே கேட்டாள்: "உத்தம சோழன் ஆட்சியில் ஏன் யாரும் அவர்களைத் தண்டிக்கவில்லை?" வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்கும் இதே கேள்விதான், கொலையில் உத்தம சோழனுக்கும் பங்கு இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். அதை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. கல்கியோ ஆளையே மாற்றி, கோயிலுக்குப் பூமாலை கட்டும் சேந்தன் அமுதனை உண்மையான உத்தம சோழனாக்கி, அந்த மன்னரைப் பழியிலிருந்து விடுவித்துவிட்டார்.

அப்புறம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். உத்தம சோழன் செப்பேடு அந்த அருங்காட்சியகத்துச் சொத்து. காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றின் பூசை, திருவிழாச் செலவுக்கு மன்னர் செய்த ஏற்பாட்டைச் சொல்வது. பேராசைக்காரராகவே அவள் நினைத்திருந்தவர் கோயில் கணக்குப் பார்க்கும் மன்னராகத் தெரிந்தார். இப்போது கல்வெட்டு எழுத்து படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

வேளச்சேரி வாசகி:

ஐயா, உங்கள் பேத்தியை ஒரு ஞாயிறு எங்கள் வாசிப்புக்கு அனுப்புங்களேன். மூன்றாம் பாகமான 'கொலை வாள்' படித்துக்கொண்டிருக்கிறோம், நந்தினி கட்சிக்காரர்களுக்கு எதிரில் பேச ஒரு ஆள் தேவை. தம்பி, உங்கள் நண்பரையும் கூட்டி வாருங்கள், உரக்கப் படிக்கும்போது அவருக்கு எழுத்தும் பழகும். பூங்குழலி கடலில் வரும் அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை படிக்கலாம் என்று இருக்கிறோம், அண்ணா நகர் நண்பர் அதற்கு மட்டுமாவது வரலாம். உடையார்குடிக்கு நேரில் போய்க் கல்வெட்டைப் பார்த்தவர்கள் இருந்தால், கோயிலில் அது எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது, எழுத்து இப்போது தெரிகிறதா என்று எழுதுங்கள். பிள்ளைகள் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள்.