வாழைப்பழ அரிப்பு: புதுப்பிப்பு

வாழைப்பழம் சாப்பிட்ட ஐந்தே நிமிடத்தில் உதடு தடித்து அண்ணம் அரிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்துவிட்டேன். அவர் முதலில் கேட்டதே, "ரப்பர் கையுறை போட்டால் அரிக்குமா?" என்றுதான். அரிக்கும்! பாத்திரம் கழுவிவிட்டுக் கையுறையைக் கழற்றினால் மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருக்கும். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ரப்பர் பாலில் உள்ள ஹெவின் புரதத்தைப் போன்ற ஒன்று வாழைப்பழத்திலும் இருக்கிறது. உடம்பு இரண்டையும் ஒரே எதிரியாக எடுத்துக்கொள்கிறது. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் இரண்டுக்கும் தடிப்பு வந்தது. கிவி, அவகேடோவிலும் கவனம் தேவை என்றார். அப்புறம், பல் மருத்துவரிடம் போனாலும் லேடெக்ஸ் (ரப்பர் பால்) ஒவ்வாமை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூச்சு இறுகினால் போட்டுக்கொள்ள எபிநெஃப்ரின் ஊசி இப்போது என் பையிலேயே இருக்கிறது.