சுஜாதா இத்தனை விஷயங்களைத் தொட்டிருக்க வேண்டுமா?

பரண்வாசி:
சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சுஜாதா கதையோடு நின்றிருந்தால் இன்னும் பெரிய எழுத்தாளராக ஆகியிருப்பாரா, மாட்டாரா? மனிதர் எதைத்தான் விட்டு வைத்தார். வக்கீல் ஜோடி கணேஷ்-வசந்த் வருகிற துப்பறியும் நாவல்கள், 1857 கிளர்ச்சியை வைத்து 'ரத்தம் ஒரே நிறம்', சினிமா உலகத்தை வைத்து 'கனவுத் தொழிற்சாலை', பூர்ணம் விஸ்வநாதன் மேடையேற்றிய நாடகங்கள், இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் பார்த்தால் மூளையைப் பற்றி 'தலைமைச் செயலகம்', மரபணுவைப் பற்றி 'ஜீனோம்', அப்புறம் 'கடவுள் இருக்கிறாரா', ஹைக்கூ அறிமுகம், 'திரைக்கதை எழுதுவது எப்படி', போதாக்குறைக்குத் திருக்குறளுக்கு ஒரு புதிய உரை. இந்த இரண்டாவது பக்கத்தில் பெரும்பகுதி வீண் என்பது என் கட்சி. அறிவியல் புத்தகத்துக்கு ஆயுசு கம்மி. 90களில் மனிதனுக்கு ஒரு லட்சம் ஜீன் இருக்கலாம் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது, இன்றைக்கு அது சுமார் 20,000த்தில் வந்து நிற்கிறது. இந்த மாதிரி மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்தில் ஒரு நல்ல சிறுகதைக்காரன் தன் நேரத்தைக் கொட்டலாமா?

மின்கம்பி:
பரண்வாசி சார், நீங்கள் ஏதோ வெளியாள் ஒருத்தர் ஆசைக்கு அறிவியல் எழுதிய மாதிரிப் பேசுகிறீர்கள். அவர் சென்னை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் வேலை பார்த்தவர், மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கிய வேலையில் பங்கு உள்ளவர். ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி' வந்தபோது வாசகர் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்ன விதத்தைப் பாருங்கள், கேட்டவனை மட்டம் தட்ட மாட்டார், தேவைக்கு மேல் ஒரு வரி நீட்ட மாட்டார், முக்கியமாக எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. அறிவியலை மக்களிடம் கொண்டுபோனதற்காக 1993ல் மத்திய அரசின் தேசிய விருது சும்மா கொடுக்கவில்லை. ஜீன் எண்ணிக்கை மாறினால் என்ன, ஒரு விஷயத்தை எப்படிக் கேள்வி கேட்டுப் புரிந்துகொள்வது என்பது மாறுமா? தமிழில் படித்துவிட்டு எஞ்சினியரிங் போன எத்தனை பேருக்கு அந்தப் புத்தகம் கதவைத் திறந்துவிட்டது என்று சுற்றிலும் கேட்டுப் பாருங்கள்.

பரண்வாசி:
பயன்பட்டது என்பதை நான் மறுக்கவே இல்லை. பயன்பட்டது வேறு, நிற்பது வேறு. அன்றைக்குப் பயன்பட்ட பாடப்புத்தகத்தை இன்றைக்கு யார் எடுத்துப் படிக்கிறார்கள்?

மின்கம்பி:
'ஏன் எதற்கு எப்படி' இன்னும் அச்சில் வந்துகொண்டிருக்கிறது சார். வாங்குகிறவன் படிக்காமலா வாங்குகிறான்.

தெற்குவாசல்:
இரண்டு பேரும் கதை இந்தப் பக்கம், கட்டுரை அந்தப் பக்கம் என்று வேலி போட்டுக்கொண்டு பேசுகிறீர்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 'நகரம்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி ஆரம்பிக்கிறது? மதுரை பாண்டியர்களின் தலைநகரம், பழைய தேசப் படங்களில் அதன் பெயர் இன்னது என்று ஏதோ தகவல் புத்தகத்திலிருந்து கிழித்து ஒட்டிய மாதிரி. அடுத்து சுவர் விளம்பரங்கள், போஸ்டர்கள். அதற்கப்புறம்தான் வள்ளியம்மாளும் காய்ச்சலில் கிடக்கும் அவள் மகள் பாப்பாத்தியும் வருகிறார்கள். பெரிய டாக்டர் அது மெனிஞ்ஜைட்டிஸ் (மூளை உறையில் வரும் ஆபத்தான அழற்சி) என்று மாணவர்களுக்கு இங்கிலீஷில் பாடம் எடுக்கிறார், உடனே அட்மிட் பண்ணச் சொல்கிறார், அந்த அம்மாவுக்கோ ஒரு வார்த்தை புரியவில்லை. கையில் சீட்டோடு அறை அறையாக அலைகிறாள். கடைசியில் இடமில்லை, நாளைக்குக் காலையில் வா என்று சொல்லிவிடுகிறார்கள், வெறும் ஜுரம்தானே என்று ஊருக்கே திரும்பிவிடுகிறாள். இதில் ஆசிரியர் ஒரு இடத்திலாவது கண்ணீர் விடுகிறாரா? கிடையாது. வரிசை, சீட்டு, வருமானம் என்ன என்ற கேள்வி, பூட்டிய கதவு, அவ்வளவுதான் தருகிறார். கட்டுரை எழுதிப் பழகிய கைக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு வரும். வெறும் கதைக்காரர் எழுதியிருந்தால் பாப்பாத்தியைப் பக்கத்துக்குப் பக்கம் முனக வைத்திருப்பார்.

பரண்வாசி:
'நகரம்' பற்றி மறுபேச்சே இல்லை மேடம். ஆனால் அது கட்டுரைப் பழக்கத்தால் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? நல்ல எழுத்தாளனுக்கு அடங்கிப் பேசத் தெரியும், அவ்வளவுதான். தகவல் வெறி கதையைக் கெடுத்த இடங்களும் இருக்கின்றன. விஞ்ஞானச் சிறுகதைகளில் பலதில் ஆள் கிடையாது, கருவி மட்டும்தான் இருக்கும். கடைசி வரியில் ஒரு திருப்பம் வைத்து அனுப்பிவிடுவார்.

மின்கம்பி:
'கொலையுதிர் காலம்' படித்திருக்கிறீர்களா இல்லையா? ஹோலோகிராம், அதாவது லேசரால் உண்டாக்கும் முப்பரிமாண பிம்பம், என்ற வார்த்தை தமிழில் பலபேர் கேள்விப்படாத காலத்தில் அதைக் கொண்டுவந்து கதையின் நடுவில் வைக்கிறார். கணேஷ் விஞ்ஞான விளக்கம் தேடுகிறான், வசந்துக்கு அது போதவில்லை, முடிவில் பேயா லேசரா என்று நம்மையே முழிக்க விடுகிறார். கருவியை எடுத்துவிட்டால் அந்த நாவலே இல்லை. 'என் இனிய இயந்திரா'வும் அப்படித்தான். 2021ல் நடக்கிற கதை, குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும், பெயர் இரண்டெழுத்துக்கு மேல் கூடாது. அதில் நம் மனதில் நிற்கிற ஆள் யார்? ஜீனோ என்ற இயந்திர நாய். ஆள் இல்லை, கருவிதான் இருக்கிறது என்று புகார் சொல்கிறீர்களே, அந்தக் கருவியையே ஆளாக்கிக் காட்டினார் சார்.

உரைகாரன்:
கொஞ்சம் நுழைந்துகொள்கிறேன். அறிவியல் பக்கம் எப்படியோ போகட்டும், சங்க இலக்கியத்தில் கை வைத்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. 'புறநானூறு ஓர் எளிய அறிமுகம்' எடுத்துப் பாருங்கள். திணை, துறை, எந்தச் சூழலில் யார் யாரைப் பாடினார் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு புறப்பாட்டு. அதை உருவிவிட்டுப் புதுக்கவிதை மாதிரி வரியை மடக்கிப் போட்டால் வாசிக்கச் சுலபமாகத்தான் இருக்கும், ஆனால் கையில் மிஞ்சுவது பொழிப்புரை. குறளுக்கு உரை சொல்லவும் அதே அவசரம். பரிமேலழகர் ஒரு குறளில் நின்று நிதானித்துப் பேசுகிற இடத்தை இவர் ஒன்றிரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்.

தெற்குவாசல்:
ஐயா, அட்டையிலேயே எளிய அறிமுகம் என்று போட்டிருக்கிறது. ஔவை துரைசாமிப் பிள்ளை உரையை நேராகக் கையில் கொடுத்தால் பிடித்துக்கொள்கிற இளைஞர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? முதலில் இவரைப் படித்துவிட்டு, பிறகு தானாகப் பழைய உரைக்குப் போகட்டுமே.

உரைகாரன்:
போனால் சரி அம்மா. இதைப் படித்தவுடனேயே புறநானூறு முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், என் வயிற்றெரிச்சல் அதுதான். ஆழ்வார்கள் பற்றி அவர் எழுதியதில் எனக்கு இந்தக் குறை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், பாசுரம் காதில் விழுந்தே ஊறியிருக்கும், அது எழுத்தில் தெரிகிறது. சங்கப் பாட்டு அவருக்குப் பிற்பாடு புத்தகத்தில் கிடைத்தது, அதுவும் எழுத்தில் தெரிகிறது.

பரண்வாசி:
இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்! ஊறிய விஷயத்தில் அவர் எழுதியது நிற்கும். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' நிற்கும். வாராவாரம் பத்திரிகைக்குப் பக்கம் நிரப்ப எடுத்துக்கொண்டது நிற்காது. விகடன், குமுதம் என்று எல்லோரும் கேட்டார்கள், இவரும் இல்லை என்று சொல்லவில்லை. 'ரத்தம் ஒரே நிறம்' முதலில் வேறு தலைப்பில் குமுதத்தில் தொடராக வந்து, எதிர்ப்பு கிளம்பி நின்று, திரும்ப எழுதப்பட்ட கதை. அந்தக் கதைக்கு அவர் உட்கார்ந்து மூன்று வருஷம் உழைத்திருந்தால் எங்கே போயிருக்கும்?

மின்கம்பி:
மூன்று வருஷம் உட்கார அவர் ஆபீசில் யார் விடுவார்கள்? வேலையில் இருந்துகொண்டு இரவில் எழுதின மனிதர் அவர். பத்திரிகைக்காரன் கழுத்தில் கத்தி வைக்காமல் இருந்திருந்தால் மூன்று வருஷத்தில் ஒரு பெரிய நாவல் வந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஒன்றுமே வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

தெற்குவாசல்:
அப்படியானால் 'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்' எந்தக் கணக்கில் வரும்? 1965லிருந்து எழுதினார், ஆரம்பத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில். சிற்றிதழ், பெரிய பணமும் கிடையாது, யாரும் கத்தி வைக்கவும் இல்லை. ஒரே பக்கத்தில் கவிதை, சினிமா, அக்கம்பக்கத்துச் சங்கதி எல்லாம் வரும். பரண்வாசி சார் சொல்கிறபடி ஒரே விஷயத்தில் நிற்கிற ஆள் என்றால் அந்தப் பக்கத்தை எழுதியிருக்கவே முடியாது.

பரண்வாசி:
அதை நான் கதைக் கணக்கில்தான் வைப்பேன். அதில் பேசுகிற எஸ்.ஆர். ஒரு பாத்திரம்.

மின்கம்பி:
நன்றாக இருக்கிறது! பிடித்ததெல்லாம் கதை, பிடிக்காதது கட்டுரை என்று பிரித்தால் யார்தான் உங்களை ஜெயிக்க முடியும். விகடனில் பத்தியாக வந்த 'கற்றதும் பெற்றதும்' எதில் சேர்த்தி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பரண்வாசி:
முதல் பாகம் கதை. மற்றது கட்டுரை. சண்டைக்கு வாருங்கள்.